லிப்ட்காரர் வீட்டுப் பச்சை டிக்

எதிர்வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அப்படியொன்றும் பெரிய நோய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அதற்கு நடந்த வைத்தியத்தை டீ குடித்துக்கொண்டே பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். நோயாளி கல்லுக்குண்டாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள்தான் படாத பாடு பட்டார்கள்.

அந்த வீட்டில் இரண்டே பேர். வீட்டுக்காரர் லிப்ட் பராமரிப்புக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாடியில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர், எனக்கு அண்ணன். அக்கா தையல் வேலை செய்கிறவர். ஆஸ்பத்திரிச் சீருடை, ஓட்டல் பணியாளர்களின் மேலங்கி என்று மொத்தமாக எடுத்துத் தைப்பார். முன்னறை முழுக்க அக்காவின் ராஜ்ஜியம். இரண்டு தையல் மெஷின், நீளமான மேசை, நீராவி அயர்ன் பாக்ஸ், சுவரில் சாய்த்த துணிச்சுருள்கள். மூலையில் அந்தக் கம்ப்யூட்டர். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் சாரல் துணியில் விழும், மூடினால் அயர்ன் ஆவி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கு இரவுப் பணி. மதியம் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தால் ஒரு டீயும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் நிச்சயம் உண்டு.

கம்ப்யூட்டர் வந்தது அக்காவின் தொழிலுக்காக. இஞ்ச் டேப்பால் அளவெடுத்த கையோடு அதில் போட்டுவிடுவார். ஆளுக்கொரு போல்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் முன்பக்கம், பின்பக்கம், கை என்று மூன்று பைல்கள். பிரிண்ட் எடுத்துத் தாள்களை ஒட்டினால் பேப்பர் கட்டிங் தயார். அதையும் துணியையும் தெருமுனைக் கட்டிங் கடையில் கொடுத்தால் மின்சாரக் கத்தியில் வெட்டிக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அக்கா உட்கார்ந்து தைக்க வேண்டியதுதான்.

அண்ணனுக்குத்தான் வேலை இல்லை. எங்கள் கட்டடத்து லிப்டை வேறொரு கம்பெனி பார்த்துக்கொள்கிறது. அண்ணன் அதற்குள் நின்று காதைச் சாய்த்துக் கேட்பார். கயிறு முனகுகிறது என்பார். வந்த மெக்கானிக் ‘சரிங்க சார்’ என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சமையலறைக் குழாயை ஒருநாள் இறுக்கினார். அது இறுகிய இறுக்கத்தில் தண்ணீர் பிடிக்க என்னைக் கூப்பிட வேண்டியதாயிற்று. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டார், ஆஸ்பத்திரிக் கோட்டு ஒன்றில் கறை ஏறியது. மெஷின் பக்கமே வரக்கூடாது என்று அக்கா அன்றைக்குக் கறாராகச் சொல்லிவிட்டார். அப்புறம் அந்த வீட்டில் அண்ணன் தொடுவதற்கு மிச்சமிருந்தது கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

அதுவும் அவருக்குத் தோதாகக் கொஞ்சம் மந்தமாகிக்கொண்டு வந்தது. உள்ளே ‘உம்ம்’ என்று ஒரு சத்தம். மூச்சு வாங்குகிறது என்று கண்டுபிடித்த அண்ணன், வீட்டுக் கம்ப்யூட்டரைப் பரிசோதித்து நோய் வராமல் காக்கும் சாப்ட்வேர் ஒன்றை இலவசமாகப் பிடித்துப் போட்டார். அது கடகடவென்று ஓடி, சிவப்பு வளையம் காட்டி, உள்ளே நூற்றுக்கணக்கான குறைகள் இருப்பதாகச் சொன்னது. அண்ணன் அரண்டுவிட்டார். சரிசெய் என்ற பொத்தானை அமுக்கினார். வளையம் சுற்றியது, நின்றது, பச்சை டிக் ஒன்று வந்து விழுந்தது. ‘உங்கள் கம்ப்யூட்டர் நலமாக உள்ளது.’ அண்ணன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் செய்ததைப் பார்த்து யாரும் ‘நலம்’ என்று சொன்னதில்லை போலிருக்கிறது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. முதல் சாப்ட்வேர் விட்டுவைத்த குறைகளைக் கண்டுபிடிக்க இரண்டாவதைப் போட்டார். இரண்டுக்கும் காவலாக மூன்றாவது. மூன்றாவது வந்ததும் வராததுமாக முதல் இரண்டும் ஆபத்தானவை என்று எச்சரித்தது. இரண்டாவது, முதலாவதை வேண்டாத சுமை என்றது. அண்ணன் யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்ததும் மூன்றையும் வரிசையாக ஓடவிட்டு, மூன்று பச்சை டிக்கையும் பார்த்த பிறகுதான் ரொட்டியைக் கையில் எடுப்பார். கம்ப்யூட்டர் முன்னைவிட மந்தமாயிற்று. வைத்தியம் போதவில்லை என்று அவர் நினைத்தார். ஓடிக்கொண்டிருப்பதை எதற்கு நோண்டுகிறீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“கெட்டப்புறம் பாக்கறது ரிப்பேரு, தம்பி. அத யாரு வேணா செய்வான். கெடறதுக்கு முந்தியே பாக்கணும். அதுக்குப் பேருதான் மெயின்டனன்ஸ்.”

அக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அது கெடணும்னு நெனச்சாக்கூட இவர் விடமாட்டாரு. நேரம் குடுத்தாத்தான?” என்றார்.

இந்த நேரத்தில்தான் பேண்டு வாத்தியக்காரர்களின் ஆர்டர் வந்தது. ஆற்றுக்குக் குறுக்கே புதுப் பாலம் கட்டி முடித்திருந்தார்கள். திறப்பு விழாவில் ஊர் பேண்டு புதுச் சிவப்புக் கோட்டு போட்டு முன்னால் நடக்கவேண்டும். அதுவரை அவர்களுடைய கோட்டெல்லாம் கடைவீதியில் இருந்த ரெடிமேடு கடையில் வாங்கியவை. பேண்டு மாஸ்டர், முழங்காலைத் தொடும் கையும் முறுக்கிய மீசையுமாக ஆறடிக்கு மேல் வளர்ந்தவர், தானே வந்து அக்காவிடம் பேசினார். கோட்டு சரியாக அமைந்தால் இனி வருஷா வருஷம் இங்கேதான் என்றார். சொதப்பினால் பழைய கடைக்கே போய்விடுவோம் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா பல வருஷமாகக் காத்திருந்த வாசல் அது. பேண்டு அக்காவின் கோட்டைப் போட்டு ஊர்வலம் போனால் ஊரில் பாதி ஆர்டர் தேடிவரும். கோணலாகப் போனாலும் ஊரே பார்க்கும்.

அளவெடுக்க அத்தனை பேரும் வந்தார்கள். பெரிய டிரம் அடிக்கிறவர் வந்தபோது டேப் ஒரு சுற்றுக்குப் போதவில்லை, அக்கா இரண்டு தடவையாக அளந்தார். புல்லாங்குழல்காரரைச் சுற்றி அளந்தபோது டேப்பில் பாதிக்கு மேல் கையில் மிச்சம் தொங்கியது. எல்லாமே கம்ப்யூட்டருக்குள் போயிற்று. துணிக்கடையில் அந்தச் சிவப்பில் இருந்த மொத்தத்தையும் அக்கா வாங்கிவந்துவிட்டார்.

மறுநாள் அக்கா பித்தளைப் பட்டன் வாங்கப் போயிருந்தபோது அண்ணன் சுற்றுப் பரிசோதனைக்கு உட்கார்ந்தார். முதல் சாப்ட்வேர் ஒரு புது வசதியைக் காட்டியது. ஒரே மாதிரியான பைல்கள் பல இடத்தில் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கி இடத்தை மிச்சப்படுத்தும். எதை வைத்து ஒப்பிடலாம் என்று கேட்டதற்கு, சீக்கிரம் முடியட்டும் என்று அண்ணன் பெயரை மட்டும் டிக் செய்தார். திரையில் முன்பக்கம், முன்பக்கம், முன்பக்கம் என்று கீழே வரைக்கும் ஓடியது. பாவம், வேலை அவசரத்தில் ஒரே பைலை இத்தனை தடவை போட்டு வைத்திருக்கிறாளே என்று அவருக்கு மனைவிமேல் இரக்கம் வந்துவிட்டது. அமுக்கினார். அந்தச் சாப்ட்வேரும் நாகரிகமானது. எந்தப் போல்டரும் காலியாகத் தெரியக்கூடாது என்று, எதைத் திறந்தாலும் மிச்சம் வைத்த அந்த ஒரே பைல் வரும்படி வழி போட்டுக் கொடுத்துவிட்டது. பச்சை டிக்.

அக்கா வந்து ஒவ்வொருவர் போல்டராகத் திறந்து பிரிண்ட் கொடுத்துக்கொண்டே பட்டன்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். தாள்களை ஒட்டிச் சுருட்டும் பொறுப்பை அண்ணனிடம் விட்டிருந்தார், அதிலாவது கை ஓடட்டும் என்று. அண்ணன் ஓரத்தோடு ஓரம் பிசகாமல் ஒட்டினார். ஒட்டப்பட்டவை எல்லாம் ஒன்றுபோலவே அழகாக வந்தன என்று அன்றைக்கு என்னிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

கட்டிங் கடைக்காரர் சொன்ன நாளுக்கு முன்னதாகவே வந்து நின்றார். வெளியே மழை வெறித்திருந்தது. தோளில் இருந்த மூட்டையை மேசைமேல் இறக்கிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“எப்பவும் ஆளுக்கொரு அளவு குடுத்து உயிர எடுப்பீங்க. இந்தத் தடவ எல்லாமே ஒரே அளவு. அடுக்கி வெச்சு ஒரே இழுப்புல வெட்டிட்டேன்க்கா.”

மெஷின் நின்றது. “எது ஒரே அளவு?”

“எல்லாந்தான்” என்றார் அவர். பாராட்டுக்காகக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, கிடைக்காது என்று தெரிந்ததும் போய்விட்டார்.

அக்கா மூட்டையிலிருந்து ஒரு முன்பக்கம், ஒரு பின்பக்கம், ஒரு கை எடுத்து மேசைமேல் சேர்த்து வைத்தார். முன்பக்கம் மேசையை நிறைத்தது. பின்பக்கம் அதில் பாதி இருந்தது. கை மேசையைத் தாண்டித் தரையைப் பார்த்துத் தொங்கியது. முன்னால் டிரம்காரர், பின்னால் குழல்காரர், கை மாத்திரம் மாஸ்டர். அப்படி ஒரு ஆள் உலகத்தில் எங்கேயும் நடமாட முடியாது. ஆனால் அவருக்கு வேண்டிய கோட்டு அந்த மூட்டையில் இருபதுக்கும் மேல் இருந்தது.

அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“என்ன செஞ்சீங்க?”

“க்ளீன் பண்ணேன்” என்றார் அண்ணன்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து துணியில் கோடு போடும் சாக்பீஸைத் துண்டு துண்டாக உடைத்தார். பிறகு தன் தம்பிக்குப் போன் செய்தார்.

அக்காவின் தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். மறுபடி பிடித்த மழையில் நனைந்த குடையோடு வந்து உட்கார்ந்து வெகுநேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். போன பைல்களை மீட்க முடியுமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

“மாமா, மொதல்ல போட்ட சாப்ட்வேர் நீக்குனத எல்லாம் ஒரு மூட்டையா பத்திரமாத்தான் கட்டி வெச்சிருக்கு. மறுநாள் காலைல நீங்க ஓடவிட்ட மூணாவது, அந்த மூட்டைய குப்பைனு தூக்கிப் போட்டுருச்சு. சும்மா போடல, திரும்ப எடுக்க முடியாதபடி அழிச்சு போட்டிருக்கு.”

அண்ணன் யோசித்தார். “அப்ப அது நல்ல சாப்ட்வேருதான, மாப்ள?” என்றார். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று அவருக்கே தெரிந்தது.

தம்பி மூன்றையும் கழற்றி எறிந்தார். அப்புறமும் அந்த ‘உம்ம்’ சத்தம் போகவில்லை என்று திருப்புளியை எடுத்துப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தார். உள்ளே காற்றாடியைச் சுற்றிப் பஞ்சு. தையலறைப் பஞ்சும் நூலும் மெத்தையாகப் படிந்திருந்தன. ஓட்டல் கறுப்பு, ஆஸ்பத்திரி வெள்ளை, மேலாக இந்த வாரத்துச் சிவப்பு. தம்பி அதை ஒரே துண்டாக உரித்து எடுத்துக் காட்டினார்.

“இத்தன டாக்டர் வந்து பாத்திருக்காங்க. மூக்கடைப்ப ஒருத்தரும் பாக்கல மாமா.”

பெட்டி சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அக்கா தம்பியைப் பார்த்து, அவரிடம் சொல்வது மாதிரி சொன்னார்: “இனிமே இவர் இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. சொல்லிரு.”

தம்பி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணன் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் பல நாள் அவர் குடியிருப்பு அங்கேதான். உருளைக்கிழங்கு அவிப்பார், முட்டை அவிப்பார், தட்டில் வைத்து முன்னறை வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அக்கா எடுத்துச் சாப்பிடுவார், காலித் தட்டை அதே இடத்தில் வைப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து டீ குடிப்பது எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

அந்தச் சிவப்புத் துணி கடையில் தீர்ந்துவிட்டது. அடுத்த சுருள் வரும்போது பாலத்தைத் திறந்து மூடியே விடுவார்கள் போலிருந்தது. வெட்டியதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். அக்கா பேண்டுக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லவில்லை, அளவு சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி மறுபடி வரவழைத்தார். டிரம்காரர் இந்தத் தடவை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் வயிற்றைப் பற்றித்தான் சந்தேகம் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

முன்பக்கம் பெரிதாக இருந்ததால் பிரச்சினை இல்லை, குறுக்கிக்கொள்ளலாம். கையும் நீளம், வெட்டிவிடலாம். முதுகுதான் குழல்காரரைத் தவிர யாருக்கும் போதாது. அக்கா ஒரு முதுகுத் துண்டை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஓட்டல் ஆர்டரில் மிஞ்சிய கறுப்புத் துணியை உதறி எடுத்தார். கத்தரியை வைத்து முதுகை நடுவில் இரண்டாகப் பிளந்தார். இரண்டு பாதிக்கும் நடுவே, ஆளுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டி. டிரம்காரருக்கு ஒரு சாணுக்கு மேல் வந்தது. மாஸ்டருக்கு நாலு விரல். குழல்காரருக்குப் பட்டியே தேவையில்லை. ஆனால் வரிசையில் ஒருவர் மட்டும் பட்டியில்லாமல் போனால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று, அவர் முதுகிலும் இரண்டு விரல் சிவப்பை வெட்டி எடுத்துவிட்டுக் கறுப்பை வைத்தார். போட்டுப் பார்க்க வந்தவர்களில் குழல்காரர் ஒருவர் மட்டும், எனக்கு முதலில் வெட்டியதே சரியாக இருந்திருக்குமே என்று கேட்டார். எப்படித்தான் தெரிந்ததோ. எல்லோருக்காகவும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று அக்கா சொல்லி அனுப்பினார்.

ஆவியும் பஞ்சும் ஈரமுமாக முன்னறை கொதித்தது. மழையில் எதுவும் காயவில்லை. தைத்து முடித்த கோட்டுகளையும் பட்டன் டப்பாவையும் ஒரு மதியம் அக்கா சமையலறை மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினார். அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். ஒவ்வொரு பட்டனையும் தைத்து, லிப்ட் கயிற்றைச் சோதிப்பதுபோல வெடுக்கென்று இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார். அன்றைக்கு வீட்டில் ரொட்டி மட்டும்தான்.

விழா அன்று காலையில் வானம் விட்டது. நானும் அண்ணனும் அக்காவும் போய்க் கூட்டத்தில் நின்றோம். சிவப்புக் கோட்டும் பித்தளைப் பட்டனுமாகப் பேண்டு எங்களைக் கடந்தபோது அக்கா மூச்சே விடவில்லை. முன்பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பேண்டுக்குப் பின்னால் விருந்தினர்கள் நடந்தார்கள். பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அவர்கள் பார்த்ததெல்லாம் கறுப்புப் பட்டி போட்ட முதுகுகளைத்தான். அகலப் பட்டி, குறுகல் பட்டி என்று பார்த்துக்கொண்டே போனவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கரையில் பேண்டு நின்றதும், தலைமை விருந்தினர் மாஸ்டரை ஒதுங்கச் சொல்லிவிட்டு நேராக டிரம்காரரிடம் போய் இரண்டு கையாலும் கைகுலுக்கினார். இவ்வளவு பெரிய குழுவைக் கட்டி மேய்க்கிறீர்களே என்று பாராட்டவும் செய்தார்.

மறுநாள் மதியம் மாஸ்டர் கோட்டைக் கைமேல் போட்டுக்கொண்டு வந்தார். மீசை கொஞ்சம் இறங்கியிருந்தது. அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாஸ்டர் உட்காரவில்லை.

“டிரம் அடிக்கறவனுக்கு ஒரு சாண் பட்டி. எனக்கு நாலு விரலா, மேடம்? பேண்டுக்கு மாஸ்டர் அவனா நானா?”

பட்டியை அகலப்படுத்தித் தரவேண்டும், டிரம்காரரைவிட ஒரு விரலாவது கூட இருக்கவேண்டும் என்றார். அப்படிச் செய்தால் கோட்டு உடம்பில் நிற்காது என்று அக்கா சொன்னார். தொளதொளவென்று இருந்தாலும் பரவாயில்லை என்றார் மாஸ்டர். பட்டி எதற்காக வந்தது என்ற உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அடுத்த வருஷத்துக் கோட்டு ரெடிமேடு கடைக்குப் போய்விடும். பிறகு அக்கா சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. டிசைன் இவரோடது சார். இவர்கிட்டயே கேட்டுக்குங்க.”

அண்ணன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வாசலில் வந்து நின்றவர், தட்டு வைக்கும் இடத்தைத் தாண்டலாமா என்று அக்கா முகத்தைப் பார்த்தார். அக்கா கண்ணால் கூப்பிட்டார். உள்ளே வந்தார். மாஸ்டர் தன் குறையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். அண்ணன் கோட்டை வாங்கி முதுகைத் தடவிப் பார்த்தார்.

“பேண்டு நடத்தறப்ப உங்க கைல இருக்கற குச்சி என்ன வெயிட் இருக்கும்?”

“அது என்ன, ஒரு கரண்டி வெயிட் இருக்கும்.”

“டிரம்மு?”

“அது மூட்ட மாதிரி கனக்கும்.”

“அவ்வளவுதான் சார். லோடுக்குத் தகுந்த பட்டி. லிப்ட்லயும் அப்படித்தான், லோடு ஜாஸ்தின்னா கயிறு ஜாஸ்தி போடுவோம். அதுக்காக அந்த லிப்ட் ஒசத்தின்னு ஆயிருமா?”

மாஸ்டர் மீசையைத் தொட்டார். “அப்ப இது பதவி இல்ல.”

“பதவி இல்ல, பாரம். கணக்குப்படி பாத்தா உங்க குச்சிக்கு ஒரு நூல் பட்டிகூட வராது. நாலு விரல் வெச்சிருக்கேன்னா யோசிச்சுப் பாருங்க. மொத்த பேண்டோட பொறுப்பையும் வெயிட்டுல சேத்துத்தான் போட்டிருக்கேன்.”

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோட்டை வாங்கி அந்த நாலு விரலையும் தன் விரலால் அளந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இதை விருந்தினர்களுக்கு எழுதித் தெரிவிக்கப்போவதாகச் சொன்னார். குளிர்காலத்துக்குத் தொப்பி வேண்டியிருக்கிறது, அதிலும் இதே மாதிரி பாரம் பார்த்துப் பட்டி வைக்க முடியுமா என்று கேட்டார். வைக்கலாம் என்றார் அண்ணன், அக்கா தடுப்பதற்குள்.

லிப்ட் கதவு மூடிக் கீழே இறங்கும் சத்தம் கேட்கும்வரை அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார். துணிக் குவியல்மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு ஒரு டீ இரண்டு டீயாயிற்று. அண்ணனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“எதுக்கு என் டிசைன்னு சொன்ன?”

“பின்ன யாரோடதாம்? இப்படி ஒரு வேலைய ஊர்ல வேற யாரால செய்ய முடியும்?” என்றார் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அப்போது மூலையில் கம்ப்யூட்டர் டிங் என்று ஒரு சத்தம் போட்டது. அக்கா எட்டிப் பார்த்தார், படித்தார், மவுஸில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். “என்னமோ கேக்குது. வந்து என்னன்னு பாருங்க.”

அண்ணன் உடனே போகவில்லை. கையை மறுபடி ஒருமுறை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தம்பி கழற்றி எறிந்ததில் ஏதோ ஒன்று ஒரு துணுக்கை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரைப் பரிசோதித்துப் பல நாளாகிறது, இப்போது பரிசோதிக்கலாமா என்று அது கேட்டது. மவுஸ்மேல் அண்ணனின் விரல் நின்றது. அக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அண்ணன் ‘வேண்டாம்’ என்பதை அமுக்கினார். அப்புறம் இருவரும் அது மறுபடி கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.